முசுறு எறும்பை வைத்து பி.எஸ்சி. படிக்கும்போதே ஆய்வு செய்ய முடியுமா?

தோப்புக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. வீட்டில் சின்ன மாந்தோப்பு இருக்கிறது, 38 மரம். அதில் பாதி மரத்தில் முசுறு. முயிறு என்றும் சொல்வார்கள், இலைகளை ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டுகிற அந்தச் சிவப்பு எறும்புதான். மாங்காய் பறிக்க வருகிறவர்கள் கையில் காலில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் மரம் ஏறுவார்கள். அப்படியும் கடி வாங்காமல் இறங்குவதில்லை.

போன சித்திரையில் ஒன்றைக் கவனித்தேன். கிணற்றடி மரத்து எறும்பும் வாய்க்கால் மரத்து எறும்பும் கிளை உரசுகிற இடத்தில் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன. மதியம் போய்ப் பார்த்தால் கீழே செத்த எறும்பு கிடக்கும். ஆனால் தெருமுனையிலிருக்கும் பெரியப்பா தோட்டத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்து போட்டபோது, அதிலிருந்த எறும்புகளை எங்கள் மரத்து எறும்புகள் அந்த அளவுக்கு விரட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரனோடுதான் அதிகச் சண்டை என்பது எறும்புக்கும் உண்டா?

இதை ஆய்வாகச் செய்யலாமா என்று டிபார்ட்மென்டில் கேட்டேன். "அதெல்லாம் பி.எச்டி.யில் பார்த்துக்கலாம்மா, ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட் இருக்கு" என்றார்கள். அந்த புராஜெக்ட் ஐந்து பேர் ஒரு குழு, தலைப்பு அவர்கள் தருவது, போன வருடம் குப்பைமேனி இலைச் சாற்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன்.

லேப் இல்லாமல், கைடு இல்லாமல் ஒரு இளங்கலை மாணவி இதைச் செய்தால் அது ஆய்வு என்று யாராவது ஏற்றுக்கொள்வார்களா? வெளியில் பெரிய நிறுவனங்களில் கோடைக்கால வாய்ப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்களைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகளை எடுப்பார்களா? என் ஆங்கிலம் சுமார்தான்.

அகார்தட்டு:

குப்பைமேனியா! எங்கள் பேட்சுக்குத் துளசி. அதற்கு முந்தைய பேட்சுக்கு வேம்பு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சாறு பிழியப்படாத இலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒரு ஆய்வு செய்யலாம்.

தோழி, ஒரு எச்சரிக்கை. செய்து முடித்ததும் "ஜர்னலில் போடலாம், பணம் கட்டு" என்று யாராவது வருவார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு 700 ரூபாய் கட்டினோம். நான்கே நாளில் வந்துவிட்டது, ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்தாமல். பிறகு எம்.எஸ்சி. நேர்காணலில் அதைக் காட்டினேன். அவர்கள் இதழின் பெயரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான்கு நாளில் கட்டுரை ஏற்கப்பட்டால் யாரும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்.

சைக்கிள் ஸ்டாண்ட் குளவி:

தங்கச்சி, நானும் உன்னைப் போலச் சின்ன ஊர்க் கல்லூரியில் படித்தவன்தான். இப்போது பூச்சி நடத்தையில் பி.எச்டி. நான்காவது வருடம். உன் கேள்விக்கு முதல் பதில்: ஆமாம், அது ஆய்வுதான். அதுவும் நல்ல கேள்வி. 2010-இல் ஆஸ்திரேலியாவில் இதே இன முசுறை வைத்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பறவைகள் உட்படப் பல விலங்குகளில் பழகிய பக்கத்து வீட்டானோடு சண்டை குறைவு, அந்நியனோடுதான் அதிகம். முசுறில் தலைகீழ், அண்டை வீட்டு எறும்பைக் கண்டால்தான் கோபம் கூடுகிறது என்று வந்தது. நீ தோப்பில் பார்த்ததும் அதுதான். யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று முகம் வாடாதே. தென்காசி மாந்தோப்பில் அதே முடிவு வருமா என்பது உன் கேள்வி.

இனி என் கதை. எங்கள் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்கு அடியில் ஒரு குளவிக்கூடு இருந்தது. ரொபாலிடியா மார்ஜினாட்டா என்ற இனம். தென்னிந்தியாவில் சன்னல் மூலையெல்லாம் இருக்கும். கூட்டுக்கு மேல் மூடி கிடையாது, உள்ளே நடப்பதெல்லாம் வெளியில் தெரியும். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) ராகவேந்திர கடக்கர் இந்த ஒரு குளவியை வைத்தே பல பத்தாண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார். அவர் முனைவர் பட்டம் வாங்கியது மூலக்கூறு உயிரியலில். குளவி பார்ப்பது அப்போது அவருக்குப் பொழுதுபோக்கு. இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈர்க்குச்சி நுனியில் அக்காவின் நகப்பூச்சைத் தொட்டு, விடியற்காலையில் குளவிகள் மந்தமாக இருக்கும்போது முதுகில் புள்ளி வைத்தேன். 19 குளவிக்கு அடையாளம், எனக்கு நான்கு கொட்டு. (கொட்டினால் மூச்சு வாங்குகிற உடம்புக்காரர்கள் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது.)

ஐந்து மாதம் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு முழு லாங்சைஸ் நோட்டு. எந்தக் குளவி எதைத் துரத்தியது, எது எதைக் கடித்தது எல்லாம் இருந்தது. பெருமையாக ஒரு கோடை முகாமில் காட்டினேன். அங்கே ஒரு அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சண்டை நடக்காத நேரம் எந்தப் பக்கத்தில் இருக்கு?"

இல்லை. கண்ணில் பட்டதை மட்டும் எழுதியிருக்கிறேன். சண்டை கண்ணில் படும், சும்மா உட்கார்ந்திருப்பது படாது. என் நோட்டை நம்பினால் குளவிகள் நாள் முழுக்கச் சண்டை போடுகின்றன. இந்தக் கோளாறைப் பற்றி ஜீன் ஆல்ட்மன் 1974-இலேயே எழுதிவிட்டார். நடத்தை ஆய்வுக்காரர்கள் எல்லோரும் முதலில் படிக்கிற கட்டுரை அது. தீர்வு சுலபம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி வைத்துக்கொண்டு, அந்த நொடியில் ஒவ்வொரு குளவியும் என்ன செய்கிறது என்று வரிசையாகக் குறிப்பது ஒரு வழி. ஒரே குளவியைப் பத்து நிமிடம் விடாமல் பார்த்து எல்லாவற்றையும் குறிப்பது இன்னொரு வழி. எதைப் பார்ப்பது என்று உன் கண் முடிவு செய்யக் கூடாது, கடிகாரமோ குலுக்கலோ முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு தப்பும் செய்தேன். "ராணி கோபமாகத் துரத்தியது" என்று எழுதியிருந்தேன். உண்மையில் இந்த இனத்து ராணி பரம சாது. நான் ராணி என்று நினைத்த குளவி ராணியே இல்லை. பார்த்தது வேறு, நினைத்தது வேறு, இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன். நம் ஊரில் பழைய கதை ஒன்று உண்டே, குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று. குரு சீடனுக்குக்கூட அதை உவமையாகச் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொன்னவர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். புழு மண்கூட்டுக்குள் போனது உண்மை. சில வாரம் கழித்துக் குளவி வெளியே வந்ததும் உண்மை. நடுவில் மூடிய கூட்டுக்குள் நடந்ததை மட்டும் மனதால் நிரப்பிவிட்டார். கொட்டியது புழுவைச் செயலிழக்கச் செய்ய, உள்ளே வைத்தது முட்டை, அந்த முட்டையிலிருந்து வந்த குஞ்சு புழுவைத் தின்று வளர்ந்தது. அதனால் நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரி. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. இன்றைக்கும் நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

சரி, உன் எறும்புக்கு வருவோம். முதலில் கிணற்றடி மரமும் வாய்க்கால் மரமும் தனித்தனிக் குடும்பமா என்று உறுதி செய். முசுறின் ஒரே குடும்பம் பல மரங்களில் நூற்றுக்கு மேல் கூடு கட்டியிருக்கும், ராணி ஏதோ ஒரு கூட்டில் இருப்பாள். 38 மரத்தில் 19 மரத்தில் எறும்பு இருந்தால் 19 குடும்பம் என்று கணக்குப் போட்டுவிடாதே. ஐந்தாறுதான் இருக்கும் என்பது என் ஊகம். பெரியப்பா தோட்டம், அடுத்த ஊர் என்று சுற்றிப் பத்துக் குடும்பமாவது தேடு. ஒரே இரண்டு மரத்து எறும்புகளை 200 முறை மோதவிட்டாலும் அது 200 சான்று ஆகாது, ஒரு ஜோடிதான். பெரிய பெரிய ஆட்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஹர்ல்பர்ட் என்பவர் 1984-இல் இதற்கென்றே ஒரு நீளமான கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

பிறகு, கிளையை ஒடித்துப் போடுவது வேண்டாம். ஒடிந்த கிளையில் எத்தனை எறும்பு, எவ்வளவு மிரண்டு போயிருக்கிறது, எதுவும் நம் கையில் இல்லை. ஒரு சின்னக் கிண்ணம் எடு. இந்த மரத்திலிருந்து ஒன்று, அந்த மரத்திலிருந்து ஒன்று, ஐந்து நிமிடம் பார். மூன்று வகை ஜோடி வேண்டும்: அண்டை மரத்துக்காரர், தூரத்துக்காரர், சொந்த வீட்டுக்காரர். மூன்றாவது எதற்கு என்று கேட்பாய். பிடித்துக் கிண்ணத்தில் போட்டதாலேயே எறும்பு எரிச்சலாகிக் கடிக்கலாம். சொந்தக் குடும்பத்து எறும்பையே கடிக்கிறதென்றால் நீ அளப்பது பகையை இல்லை, உன் கையின் முரட்டுத்தனத்தை.

கிண்ணத்தில் எந்த ஜோடி இருக்கிறது என்பது உனக்குத் தெரியக் கூடாது. வீட்டில் தம்பி இருந்தால் அவன் எறும்பைப் போட்டு எண் மட்டும் ஒட்டித் தரட்டும், விவரத்தை அவன் தனித்தாளில் எழுதி வைக்கட்டும். மாலையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணை முன்கூட்டியே எழுதி வை. விலகிப் போனால் 0, மீசையால் தொட்டுப் பார்த்தால் 1, வாயைப் பிளந்து வயிற்றைத் தூக்கினால் 2, கடித்துப் பிடித்தால் 3. தம்பியும் நீயும் ஒரே இருபது ஜோடிகளைத் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். நானும் என் நண்பனும் முதல்முறை ஒப்பிட்டபோது பாதிகூடப் பொருந்தவில்லை. அவன் "தாக்குதல்" என்றது எனக்கு "உரசல்".

கோடைக்கால வாய்ப்பு பற்றி. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, இரண்டு மாதம். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்திலேயே அறிவிப்பு வந்துவிடும், கோடையில் தேடினால் முடிந்திருக்கும். நான் முதல் வருடம் விண்ணப்பித்தபோது புற்றுநோய், மரபணுத் திருத்தம் என்று இணையத்திலிருந்து அள்ளி எழுதினேன். கிடைக்கவில்லை. அடுத்த வருடம் சைக்கிள் ஸ்டாண்ட் கூட்டைப் பற்றி எழுதினேன். 19 குளவி, ஐந்து மாதம், நான் செய்த தப்பு, இனி என்ன கேட்க விரும்புகிறேன், அவ்வளவுதான். ஆங்கிலம் என் தரத்துக்குத்தான் இருந்தது. கிடைத்துவிட்டது. பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதினாலும் அப்படியே எழுது. "எனக்கு ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்ற வரி அவர்களுக்குத் தினமும் நாற்பது வரும். "எங்கள் தோப்பில் முசுறு" என்று வராது.

அந்தக் கூடு என்னவாயிற்று என்று கேட்காதே. கல்லூரியின் தரத்தைப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்று சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். காலையில் போனால் தகரம் பளபளவென்று இருந்தது.

ஓய்வுபெற்ற விலங்கியல்:

குளவித் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் பாடம் நடத்திய கிழவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

லேப் இல்லை என்று கவலைப்படாதே அம்மா. எண்பதுகளில் நான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்தவன். எம்.கே. சந்திரசேகரன் அங்கே இருந்த காலம். ஜெர்மனியில் எர்வின் ப்யூனிங்கிடம் உயிர்க்கடிகாரம், அதாவது உடம்புக்குள்ளேயே நேரம் காட்டுகிற ஏற்பாடு, பற்றிப் படித்துவிட்டு வந்தவர், மதுரையில் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்து மலைக்குகைகளில் வவ்வால் இருந்தது, போதும். அவரும் மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோரும் 1978-இல் வெளியிட்ட வேலையை எங்களுக்குப் பாடமாகவே சொன்னார்கள். குகையின் இருட்டுக்குள் கூண்டில் ஒரு வவ்வால். பொழுது சாய்ந்தது அதற்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் குகைக்கூட்டம் இரை தேடக் கிளம்புகிற நேரத்தோடு அதன் நடமாட்டமும் ஒத்துப்போனது. அதையே கூட்டமில்லாத குகையில் தனியாக வைத்தால் நாளுக்கு நாள் நேரம் நழுவியது. அதாவது, மற்ற வவ்வால்கள்தான் அதற்குக் கடிகாரம். இன்றைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். பின்னாளில் மனிதர்களையே கடிகாரம், சன்னல், செய்தித்தாள் எதுவும் இல்லாத அறையில் வாரக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்தார்கள். அதுவும் அதே மதுரையில்தான்.

ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். இலைச் சாறு புராஜெக்டை அகார்தட்டு ரொம்பத்தான் கேலி செய்கிறார். அதில் சாறு தொடாமல், சாறு எடுத்த கரைப்பானில் மட்டும் நனைத்து ஒரு காகித வில்லை வைப்பீர்களே, எதற்கு வைக்கிறோம் என்று எத்தனை பேர் யோசித்தீர்கள்? குளவித் தம்பி சொன்ன சொந்த வீட்டு எறும்பு ஜோடியும் அந்த வெறும் வில்லையும் ஒன்றுதான். என் மாணவர்களிடம் வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். குப்பைமேனியையும் ஒழுங்காகச் செய், அம்மா.

சட்டம் பற்றி ஒரு சொல். எறும்பு, குளவிக்கு விலங்கு நெறிக்குழு (விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் குழு) அனுமதி தேவையில்லை. அணில், ஓணான், எலி என்று முதுகெலும்பி பக்கம் போனால் கதை வேறு. பிடிக்கவோ கூண்டில் வைத்துச் சோதிக்கவோ கல்லூரியில் நெறிக்குழு இருந்தாக வேண்டும். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி. உன் சொந்தத் தோப்பில் உனக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, அதுவே பெரிய பாக்கியம். செலவுக்கு, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் செயல்திட்டங்களுக்குச் சிறு தொகை தருகிறது. கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும், அதற்காவது ஒரு ஆசிரியரைப் பிடித்து வைத்துக்கொள்.

தூக்கம்வராதவள்:

நான் உளவியல், மூன்றாம் ஆண்டு. மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய நினைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக.

எங்கள் விடுதியில் 64 பேரிடம் தூக்கம் பற்றிக் கேட்டேன். கல்லூரி நாளில் எத்தனை மணிக்குத் தூங்கி எப்போது எழுகிறார்கள், விடுமுறை நாளில் எப்போது என்று. இரண்டு தூக்கத்துக்கும் நடுப்புள்ளியைக் கணக்கிட்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது. இதற்குச் சமூக ஜெட்லாக் என்றே பெயர் இருக்கிறது. விமானம் ஏறாமலே வாராவாரம் நேரமண்டலம் மாறுகிற மாதிரி. விடுதிப் பிள்ளைகளுக்குச் சிலருக்கு மூன்று மணி நேரம் வரை விலகியது.

ஆனால் அந்த 64 தாளையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஒப்புதல் படிவம் வாங்கவில்லை, தாளில் பெயரும் அறை எண்ணும் எழுதச் சொல்லிவிட்டேன். வார்டனுக்கு விஷயம் தெரிந்து, யார் இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறார்கள் என்று என்னிடமே பட்டியல் கேட்டார். அன்றைக்குத்தான் இந்த விதி எதற்கு என்று புரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, நெறிக்குழுவுக்கு எழுதி, பெயருக்குப் பதில் எண் வைத்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை 41 பேர்தான் சம்மதித்தார்கள். எறும்பு பாவம், அதனிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

தோப்புக்காரி:

அண்ணா, சார், அக்கா எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக இங்கே வரவில்லை. காரணம் இருக்கிறது.

தம்பி எட்டாவது படிக்கிறான். ஒரு கிண்ணத்துக்கு ஒரு ரூபாய் என்று பேசி முடித்திருக்கிறேன். முதலில் குடும்பங்களைப் பிரித்தோம். குளவி அண்ணன் சொன்னது சரியாகப் போயிற்று. எறும்பு இருக்கிற மரம் 21, குடும்பம் நான்கே நான்கு. கிழக்கு வரிசை ஏழு மரமும் ஒரே வீடு. நல்லவேளையாகக் கிணற்றடியும் வாய்க்காலும் வேறு வேறுதான். பெரியப்பா தோட்டத்தில் இரண்டு, கோயில் புங்கமரத்தில் ஒன்று, ஆக ஏழு. இன்னும் மூன்று தேடுகிறேன்.

தம்பியும் நானும் இருபது ஜோடி ஒப்பிட்டோம். 13 பொருந்தியது. 1-க்கும் 2-க்கும் இடையில்தான் தகராறு. வயிற்றைக் கொஞ்சமாகத் தூக்கினால் எது? "உடம்புக்கு மேல் நிமிர்ந்தால்தான் 2" என்று எழுதி வைத்தபிறகு 18.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் மதிய நேரம். காலையில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இப்போது ஏழு மணிக்கும் போகிறேன்.

ஒரு சந்தேகம். நேற்று நடுவில் சாரல் வந்து ஆறு கிண்ணம் நனைந்துவிட்டது. அந்த ஆறையும் விட்டுவிடலாமா? அதில் நாலில் எறும்புகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.

சைக்கிள் ஸ்டாண்ட் குளவி:

விடாதே. நோட்டில் இருக்கட்டும், பக்கத்தில் "சாரல்" என்று எழுது. கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்பதை, அந்த ஆறும் எந்த ஜோடி என்று தம்பியின் தாளைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் முடிவு செய். பிரித்துவிட்டாயா?

தோப்புக்காரி:

இல்லை அண்ணா. அவன் ஆறு ரூபாய் கேட்டு ஒளித்து வைத்திருக்கிறான்.